மூன்றாவது மாத்திரைக்கு முன்னால்: ஆஸ்பத்திரி பிபியா, வீட்டு மெஷினா, 24 மணி நேரப் பரிசோதனையா?

போன வருஷம் ஆடி மாதம், அம்மாவுக்கு மூன்றாவது பிரஷர் மாத்திரை எழுத டாக்டர் பேனாவை எடுத்தார். அம்மாவுக்கு 67 வயது. ஆம்லோடிபின் 5, லோசார்டன் 50 என்று இரண்டு மாத்திரைகளை நான்கு வருஷமாகக் காலை ஏழு மணிக்குத் தவறாமல் போட்டு வருகிறார். அன்றைக்கு மெஷின் காட்டியது 164க்கு 92. அதற்கு முந்தைய தடவை 158. "ரெண்டு பத்தலம்மா, இன்னொண்ணு சேத்துக்கலாம்" என்றார் டாக்டர். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "வீட்ல பாத்தா இவ்வளவு இருக்கறதில்ல சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். "சரி, அப்ப ஒரு வாரம் வீட்ல ஒழுங்கா எழுதிட்டு வாங்க. முடிஞ்சா 24 மணி நேர மெஷினும் கட்டிப் பாத்துருவோம். அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

இரண்டையும் செய்தோம். ஆஸ்பத்திரி ஒன்று சொன்னது, வீட்டு மெஷின் வேறொன்று சொன்னது, 24 மணி நேரத் தாள் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது. மூன்றும் ஒரே அம்மாவைப் பற்றித்தான், ஒரே மாதத்தில். எதை நம்பி மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, மாற்றுவது என்ற இடத்தில் நிற்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அந்த இரண்டு மாதங்களில் தேடித் தேடிப் படித்ததும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததும்தான் இதில் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மாத்திரை வேலை செய்கிறதா?" என்று எல்லோரும் கேட்கிறோம். "எந்த மணி நேரத்தில் வேலை செய்கிறது?" என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். காலை ஏழு மணிக்குப் போட்ட மாத்திரை மறுநாள் காலை ஏழு மணி வரை தாங்க வேண்டும். மூன்று வழிகளையும் நான் ஒப்பிடுவது அந்த 24 மணி நேரத்தில் எது எவ்வளவைப் பார்க்கிறது என்பதை வைத்துத்தான்.

ஆஸ்பத்திரியில் எடுக்கும் அளவு

அந்த 164 எப்படி வந்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். வெயிலில் பஸ், மாடிப்படி, டோக்கன், முக்கால் மணி நேரக் காத்திருப்பு. பெயரைக் கூப்பிட்டதும் அவசரமாக எழுந்து போய், கால் தரையில் படாத உயரமான பெஞ்சில் உட்கார்ந்தார். ரவிக்கைக் கை மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே அம்மா முட்டி வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும், பட்டை வெறும் தோலில் இருக்க வேண்டும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. அளவெடுக்கும் விதி இவ்வளவுதான். அன்றைக்கு இதில் ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்க நர்ஸுக்கு எங்கே நேரம்? குறை நர்ஸிடம் இல்லை.

விதிப்படி எடுத்தாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. 1983இல் வெளியான ஆய்வில், இத்தாலியின் மிலான் நகரில் ஜுசெப்பே மான்சியாவும் கூட்டாளிகளும், ரத்தக்குழாய்க்குள்ளேயே குழாய் செருகி அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவு செய்யும்போது ஒரு டாக்டரை நோயாளியிடம் அனுப்பிப் பார்த்தார்கள். அவர் வந்து பிபி எடுக்கும் சில நிமிஷங்களில் மேல் அளவு சராசரியாக 27, கீழ் அளவு 15 ஏறியது. யாரும் பதற்றப்படுத்தவில்லை. டாக்டர் வந்ததே போதுமாக இருந்தது. இதற்கு 'வெள்ளைக் கோட்டு' ரத்த அழுத்தம் என்ற பெயரைப் பரவலாக்கியவர் நியூயார்க்கின் தாமஸ் பிக்கரிங். 1988இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பத்திரியில் லேசாக பிபி கூடியிருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வெளியே சாதாரணமாகவே இருந்தது.

இது தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. அம்மா ஏழு மணிக்கு மாத்திரை போடுகிறார், டாக்டரைப் பார்ப்பது பதினொரு மணிக்கு. லோசார்டன் போன்ற மாத்திரை போட்ட சில மணி நேரத்தில்தான் உச்சத்தில் வேலை செய்கிறது. அப்படியென்றால் ஆஸ்பத்திரி பார்ப்பது மாத்திரையின் மிகச் சிறந்த நேரத்தை. பயம் அளவை மேலே தள்ளுகிறது, மாத்திரையின் உச்ச நேரம் கீழே இழுக்கிறது. எது எவ்வளவு என்று அந்த ஒற்றை எண்ணிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உச்ச நேரத்தில் 128 காட்டி, "கன்ட்ரோல்ல இருக்கு" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறவருக்கு விடியற்காலையில் 150 இருக்கலாம். இதை மறைந்திருக்கும் பிபி என்கிறார்கள். எனக்கு 164ஐ விட இந்த 128தான் அதிகம் பயம் தருகிறது.

ஆஸ்பத்திரி அளவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரைகள் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் குறைக்கின்றன என்று நிரூபித்த பெரிய ஆய்வுகள் எல்லாம் ஆஸ்பத்திரி அளவை வைத்து நடந்தவைதான். இரண்டு கையிலும் பார்ப்பது, எழுந்து நிற்கவைத்துப் பார்ப்பது எல்லாம் அங்கேதான் ஒழுங்காக நடக்கும். 180க்கு 110 என்று வந்தால், வீட்டில் ஒரு வாரம் எழுதிப் பார்க்கலாம் என்று நாமாகத் திரும்பி வரக் கூடாது. அங்கேயே டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் எடுக்கும் அளவு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பஸ்ஸும் மாடிப்படியும் அதில் இல்லை, தெரிந்த முகம்தான் எடுக்கிறது. ஆனாலும் அது ஒரு நாளில் ஒரு தருணம்.

வீட்டு மெஷின்

முதலில் மெஷின். மேல் கையில் கட்டுகிற தானியங்கி மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கைக்கடிகாரத்தில் பிபி காட்டுவதை மாத்திரை முடிவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கமே சொல்லியிருக்கிறது. வாங்கும் முன் அந்த மாடல் துல்லியச் சோதனையில் தேறியதா என்று ஸ்ட்ரைட் பிபி என்ற இணையப் பட்டியலில் பார்க்கலாம். தையற்காரர் டேப்பால் மேல் கையின் நடுவில் சுற்றளவு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கு உரியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்கு நடுத்தரப் பட்டை கட்டியபோது மேல் அளவு சராசரியாக 5 கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்கு அதையே கட்டியபோது கிட்டத்தட்ட 20 கூடியது. இருபது என்பது ஒரு மாத்திரை குறைக்கும் அளவுக்கும் மேல். பட்டை சிறியதாக இருந்ததற்காக ஒருவர் ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை அதிகமாகச் சாப்பிடலாம்.

அளக்கும் முறை எளிது. ஏழு நாள். காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. ராத்திரி படுக்கப் போகும் முன் இரண்டு தடவை. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி. வீட்டில் எல்லை 135க்கு 85. ஆஸ்பத்திரியின் 140க்கு 90ஐ வீட்டில் வைத்துப் பார்த்தால் தவறாகிவிடும். (அமெரிக்கர்கள் 2017இலிருந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் 130க்கு 80 என்று இன்னும் இறுக்கிவிட்டார்கள். உங்கள் டாக்டர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

இந்த எல்லை விஷயத்தில் ஒரு பாடம் உண்டு. பெல்ஜியத்திலும் அயர்லாந்தின் டப்ளினிலும் 400 பேரை வைத்து நடத்தி 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாதிப் பேருக்கு வீட்டு அளவைப் பார்த்தும் மீதிப் பேருக்கு ஆஸ்பத்திரி அளவைப் பார்த்தும் மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். வீட்டு அளவுக் குழுவில் 25.6 சதவீதம் பேருக்கு மருந்தையே நிறுத்த முடிந்தது, இன்னொரு குழுவில் 11.3 சதவீதம் பேருக்குத்தான். நல்ல சேதி மாதிரி இருக்கிறது. ஆனால் கடைசியில் வீட்டு அளவுக் குழுவின் பிபி கொஞ்சம் கூடுதலாக நின்றது. இரண்டு குழுவுக்கும் ஒரே இலக்கு வைத்ததுதான் காரணம். வீட்டில் இயல்பாகவே குறைவாகக் காட்டும், அதனால் வீட்டுக்கான இலக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

அம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினார். சங்கடம் என்னவென்றால், நல்ல எண் வந்தால் எழுதிவிடுவார், 150 வந்தால் "இது சரியா கட்டலை" என்று மறுபடி எடுப்பார். மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். வந்ததை வந்தபடி எழுத வேண்டும் என்று உட்காரவைத்துச் சொன்ன பிறகுதான் கணக்கு நேரானது. எண்ணை நினைவில் வைக்கும் மெஷின் வாங்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

சராசரி 136க்கு 80 வந்தது. எல்லைக்கோட்டில் நிற்கிறது, பரவாயில்லை என்று நினைத்தேன். அப்புறம் என்னமோ தோன்றி, காலை அளவுகளைத் தனியாகவும் ராத்திரி அளவுகளைத் தனியாகவும் கூட்டினேன். ராத்திரி 129க்கு 76. காலையில், மாத்திரைக்கு முன்னால், 143க்கு 84.

பதினான்கு எண் வித்தியாசம். காலை ஏழு மணி என்பது முந்தைய நாள் மாத்திரையின் இருபத்து நான்காவது மணி. அந்தக் கடைசி மணியில் மாத்திரை தேய்ந்துபோயிருக்கிறதோ என்ற சந்தேகம் அங்கேதான் வந்தது. மொத்தச் சராசரி அதை மூடி மறைத்துவிட்டது. வீட்டு மெஷின் வைத்திருக்கிற எல்லோரையும் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான்: காலையையும் ராத்திரியையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். வித்தியாசம் எப்போதும் இந்தப் பக்கமே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2020இல் வெளியான இந்தியா ஹார்ட் ஸ்டடி மாத்திரையே போடாத 18,918 பேரை அளந்தபோது, நம் நாட்டவருக்கு மாலையில்தான் பிபி கூடுதலாக இருந்தது.

வீட்டு மெஷினால் முடியாதது ஒன்றுதான், ஆனால் அது பெரியது. தூக்கத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

24 மணி நேரம் கட்டிக்கொண்டு

லேபில் இதை 'ஆம்புலேட்டரி பிபி' என்றும், பேச்சுவழக்கில் 'பிபி ஹோல்டர்' என்றும் சொல்கிறார்கள். இடது கையில் பட்டை, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கழுத்தைச் சுற்றி இடுப்புப் பைக்கு வருகிறது. பையில் கையடக்கமான பெட்டி. பகலில் 20 அல்லது 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை, ராத்திரி அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு தடவை அதுவாகக் காற்றேற்றி அளக்கும். இறுக்கும்போது கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். அந்த 24 மணி நேரம் குளிக்க முடியாது. காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, தொளதொளவென்று கை வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு போவது நல்லது. என்ன நேரம் சாப்பிட்டார், மாத்திரை போட்டார், படுத்தார், எழுந்தார் என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்வார்கள். அந்தத் தாளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூங்கிய நேரம் தப்பாக இருந்தால் ராத்திரிச் சராசரியே தப்பாகிவிடும்.

அம்மா கிரைண்டரில் மாவு வழிக்கும் நேரத்தில் ஒரு தடவை இறுக்கியது. கையை நிறுத்தாமல் வழித்தார், மெஷின் பிழை காட்டிவிட்டு இரண்டு நிமிஷத்தில் மறுபடி இறுக்கியது. மதியத் தூக்கத்தில் பதறி எழுந்தார். ராத்திரி பக்கத்தில் படுத்திருந்த எனக்கே மோட்டார் சத்தம் மூன்று தடவை கேட்டது. "தூங்கினேனா இல்லையான்னே தெரியல" என்றார் காலையில். இந்தக் குறை உண்மையானது. தூக்கம் கெட்டால் ராத்திரி அளவும் கொஞ்சம் கெடும். எடுத்த அளவுகளில் 70 சதவீதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், பகலில் 20, தூக்கத்தில் 7 நல்ல அளவுகளாவது வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது குறைந்தால் மறுபடி கட்டச் சொல்லுங்கள். செலவு ஊருக்கு ஊர் மாறும். சின்ன ஊர்களில் மெஷின் இருக்கும் லேபைத் தேடித்தான் போக வேண்டும்.

இவ்வளவு சிரமத்துக்கு என்ன கிடைக்கிறது? இதற்கான எல்லைகளே வேறு: 24 மணி நேரச் சராசரி 130க்கு 80, பகல் 135க்கு 85, தூக்கத்தில் 120க்கு 70. சாதாரணமாகத் தூக்கத்தில் பிபி பகலை விட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காதவர்களுக்கும் ராத்திரியில் ஏறுகிறவர்களுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து அதிகம். டப்ளினில் 5,292 பேரைப் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வு, ஆஸ்பத்திரி அளவை விட 24 மணி நேர அளவும், அதிலும் ராத்திரி அளவும், இதய நோயால் வரும் மரணத்தை நன்றாக முன்கூட்டிக் காட்டுகிறது என்று கண்டது.

மாத்திரையை எடைபோடுவதில் இதன் அருமை தெரிய மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது நம் நாட்டில் நடந்தது, 2016இல் வெளியானது. 54 பேருக்குக் குறைந்த அளவில் குளோர்தாலிடோனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் மாத்திரைகள். ஆஸ்பத்திரி அளவில் இரண்டும் பிபியைக் குறைத்தன. 24 மணி நேரம் கட்டிப் பார்த்தால், 12.5 மி.கி. சாதாரண ஹைட்ரோகுளோரோதயசைடு ராத்திரியைத் தொடவே இல்லை. வெளியே தெரிந்த பிபியை மறைந்திருக்கும் பிபியாக மாற்றியதுதான் அது செய்த வேலை. டாக்டருக்கும் திருப்தி, நோயாளிக்கும் திருப்தி, ராத்திரியில் மட்டும் பழைய கதை. (இதை வைத்து ஒன்றைத் தள்ளி ஒன்றைப் பிடிக்க வேண்டாம். 2022இல் வந்த 13,523 பேர் ஆய்வில் இரண்டு மாத்திரைக்கும் மாரடைப்பு, பக்கவாதக் கணக்கில் வித்தியாசம் தெரியவில்லை, குளோர்தாலிடோனில் பொட்டாசியம் குறைவது கூடுதலாகவும் இருந்தது.)

இரண்டாவது இதற்கு நேர் எதிர். ஸ்வீடன்காரர்கள் 38 பேரில் ஒரு பகுதியினருக்கு ராமிப்ரில் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்துப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் எடுத்த அளவில் சொல்லும்படியான குறைவு இல்லை. 24 மணி நேர மெஷினில் ராத்திரியின் மேல் அளவு 17, கீழ் அளவு 8 இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நன்றாக வேலை செய்த மாத்திரையைத் தண்டம் என்று நிறுத்தியிருப்பார்கள்.

மூன்றாவது எங்கள் கேள்விக்கே பதில். 1997இல் வெளியான பெல்ஜிய ஆய்வில் 419 பேரில் ஒரு குழுவுக்கு 24 மணி நேர அளவையும் இன்னொரு குழுவுக்கு ஆஸ்பத்திரி அளவையும் பார்த்து மருந்தைத் தீர்மானித்தார்கள். 24 மணி நேரக் குழுவில் 26.3 சதவீதம் பேருக்கு மருந்தை நிறுத்த முடிந்தது, மற்றதில் 7.3 சதவீதம். பல மாத்திரைகளுக்கு ஏறியவர்கள் 24 மணி நேரக் குழுவில் 27.2 சதவீதம், மற்றதில் 42.7 சதவீதம். மருந்து குறைந்தும் அவர்கள் பிபி கட்டுப்பாடு கெடவில்லை, இதயச் சுவரும் கூடுதலாகத் தடிக்கவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. ஸ்பெயினின் பெரிய பதிவேட்டில், மாத்திரை சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் "நார்மல்" வாங்கியவர்களில் 31 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்தில் பிபி கூடியிருந்தது. அதில் பெரும்பங்கு ராத்திரியால். ஆக இந்த மெஷின் எப்போதும் மாத்திரையைக் குறைக்கச் சொல்லும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது.

அம்மாவின் தாள்

தாளில் முதல் இரண்டு அளவுகள் 161, 154. லேபில் மெஷின் கட்டும்போது எடுத்தவை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நேரத்தில் 138. வீட்டுக்கு வந்த பிறகு 127. ஆஸ்பத்திரி பயம் எவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டிய மாதிரி இருந்தது. பகல் சராசரி 131க்கு 78. நல்லதுதான். இருட்டு நிறம் பூசிய ராத்திரிப் பகுதியில் கோடு இறங்கவே இல்லை: சராசரி 133க்கு 73. விடியற்காலை ஐந்து மணிக்கு 146.

டாக்டர் அந்த ஐந்து மணியில் விரலை வைத்தார். "பகல்ல ரெண்டு மாத்திரையே போதும். நடு ராத்திரிக்கு மேல கைவிட்டுருது" என்றார். அப்புறம் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சு நின்று எழுகிறாரா? ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போகிறார்? கால் வீங்குகிறதா? சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் எல்லாம் பார்க்கச் சொன்னார். ராத்திரி பிபி இறங்காததற்குச் சிறுநீரகமும் சர்க்கரையும் தூக்கத்தில் மூச்சடைப்பும் காரணமாக இருக்கலாம் என்பதால். அம்மாவுக்கு அவை எதுவும் இல்லை.

"மாத்திரைய ராத்திரிக்கு மாத்திப் போட்டா சரியாயிருமா சார்?" என்று கேட்டேன். படித்துவிட்டுப் போயிருந்தேன். படுக்கும் முன் போட்டால் பெரிய நன்மை என்று 2019இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. பிரிட்டனில் 21,104 பேரை ஐந்து வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2022இல் வெளியான டைம் ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் ராத்திரி போட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசமே இல்லை. டாக்டரும் அதையே சொன்னார்: மறக்காமல் போட முடிகிற நேரம்தான் நல்ல நேரம். ஆம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும், அதை எப்போது போட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. லோசார்டன் அப்படி இல்லை, சீக்கிரம் கழிந்துவிடும். அதனால் அதை எடுத்துவிட்டு, அதே வகையில் நீண்ட நேரம் நிற்கும் டெல்மிசார்டன் 40 எழுதினார். மூன்றாவது மாத்திரை சேரவில்லை. இது அம்மாவின் தாளைப் பார்த்து எடுத்த முடிவு. வேறொருவர் இதைப் படித்துவிட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ளக் கூடாது.

எங்கள் தெருவில் 76 வயதுப் பெரியவர் ஒருவருக்கு இதே மெஷின் வேறு கதை சொன்னது. ஆஸ்பத்திரியில் எப்போதும் 150க்கு மேல். மூன்று மாத்திரையையும் காலை டிபனோடு போடுவார், முற்பகலில் எழுந்து நின்றால் தலை சுற்றும். தாளில் பதினொரு மணிக்கு 98க்கு 56. அவருக்குத் தேவைப்பட்டது குறைப்பது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கு முன்னால் அது தெரிந்தது.

யாருக்கு எது

பெரும்பாலான வீடுகளுக்கு என் தேர்வு வீட்டு மெஷின். 24 மணி நேரம் கட்டுவதை மாதாமாதம் செய்ய முடியாது. வீட்டில் ஒரு வாரம் எழுதுவதை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்யலாம், மாத்திரை மாறியதும் நான்கு வாரம் கழித்துச் செய்யலாம். நோயைக் கண்டுபிடிக்க 24 மணி நேர மெஷினை 2011இலேயே முன்னிறுத்திய பிரிட்டனின் நைஸ் என்ற சிகிச்சை வழிகாட்டுதல் அமைப்புகூட, சிகிச்சையில் இருக்கிறவர்களுக்கு வீட்டு அளவை ஏற்றுக்கொள்கிறது.

24 மணி நேரப் பரிசோதனைக்குச் செலவழிக்கத் தகுந்த சமயங்கள் சில உண்டு. வீட்டு அளவும் ஆஸ்பத்திரி அளவும் முரண்படுகிறபோது. வீட்டில் காலைச் சராசரி மட்டும் கூடி நிற்கிறபோது. சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ பெரிய குறட்டையோ இருக்கிறபோது. மாத்திரை போட்ட பின் தலை சுற்றுகிறபோது. மூன்றாவது, நான்காவது மாத்திரை சேர்க்கும் முன்னால் கட்டாயம். ஒரு மாத்திரையோடு, வீட்டில் காலையும் மாலையும் 125 காட்டுகிறவருக்கு அவசரமாக இது தேவையில்லை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறவர்களுக்கு இந்த வகை மெஷின்கள் எல்லாமே துல்லியம் குறைந்தவை. அவர்கள் டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

மாத்திரைக்கு முன்னும் பின்னும் என்று இரண்டு தடவை கட்ட முடிந்தால் ஒப்பிடுவது சுலபம். இரண்டு தடவையும் ஒரே மாதிரி நாளாக இருக்கட்டும். ஒரு தடவை கல்யாண வீட்டில், இன்னொரு தடவை வீட்டில் சும்மா உட்கார்ந்து என்றால் ஒப்பீடு கெட்டுவிடும். ராத்திரி எத்தனை சதவீதம் இறங்கியது என்பதை ஒரே ஒரு ராத்திரியை வைத்து முத்திரை குத்தவும் வேண்டாம். அது நாளுக்கு நாள் மாறும். ராத்திரிச் சராசரி எண்ணை நம்பலாம், சதவீதத்தை அவ்வளவாக நம்ப முடியாது.

எட்டு வாரம் கழித்து அம்மாவுக்கு மறுபடி கட்டினோம். இந்தத் தடவை மாவு ஆட்டும் வேலையை முந்தைய நாளே முடித்துவிட்டார். பகல் 128க்கு 76, ராத்திரி 116க்கு 67. பத்து சதவீதம் இறங்கவில்லை, ஒன்பதுதான். அது போதும் என்றார் டாக்டர். அன்றைக்கும் ஆஸ்பத்திரி மெஷின் 152 காட்டியது. அதைச் சீட்டில் எழுதி, பக்கத்திலேயே 24 மணி நேரச் சராசரியையும் எழுதி, இருக்கிற இரண்டு மாத்திரையையே தொடரச் சொன்னார்.